உப்பும் இனிய நீரும்: மரக்காணக் கடற்கரையும் கிணற்றின் ஹரீமும்

திருக்குர்ஆனின் அல்ஃபுர்கான், ஃபாத்திர் ஆகிய அத்தியாயங்களில் இருவகை நீர்கள் பேசப்படுகின்றன. ஒன்று தாகம் தணிக்கும் இனிய நீர். மற்றொன்று தொண்டையைக் கரிக்கச் செய்யும் உவர்நீர். இவ்விரண்டுக்கும் இடையே இறைவன் ஒரு திரையை, ‘பர்ஸக்’கை அமைத்திருப்பதாக அல்ஃபுர்கான் கூறுகிறது. இமாம் இப்னு கஸீர் (ரஹ்) தம் விரிவுரையில், இனிய நீர் என்பதற்கு ஆறுகள், ஊற்றுகள், கிணறுகள் ஆகியவற்றைப் பொருளாகக் கொள்கிறார். திரை என்பதற்கு இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் உலர்ந்த தரையைப் பொருளாகக் கூறுகிறார். அதாவது, நாம் மிதித்து நடக்கும் மண்ணே அந்தத் திரை. கிணற்று நீரைக் கடல்நீரிலிருந்து காத்து நிற்பது அதுவே.

இவ்விளக்கத்தைக் கண்முன் காண விரும்புவோருக்குத் தமிழகக் கடற்கரையில் மரக்காணத்தினும் பொருத்தமான இடம் அரிது. அங்கே சாலையின் ஒருபுறம் உப்புப் பாத்திகள் வெண்மையாய்ப் பரந்து கிடக்கின்றன. சற்றுத் தொலைவில், தென்னையும் சவுக்கும் நிற்கும் மணல்மேட்டில், சில அடி ஆழத்திலேயே குடிக்கத்தக்க நீர் ஊறுகிறது. உப்பும் இனிய நீரும் இத்துணை நெருங்கி வாழும் கரையில் திரை எங்கே மெலிகிறது, அதனை மெலிவிப்பவர் யார், மெலிவதை முன்னரே அறியும் வழி யாது என்னும் வினாக்கள் வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. அவற்றை வரலாற்றின் துணைகொண்டும் நம் ஃபிக்ஹு நூல்களின் துணைகொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உப்பு விளைந்த கரை

சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது. அதில் வரும் எயிற்பட்டினம் என்னும் துறைமுகம் இன்றைய மரக்காணமே என ஆய்வாளர் பலர் கருதுவர். உப்பு வண்டிகளுடன் ஊர் ஊராய்ச் சென்ற உமணரின் வாழ்க்கையையும் அந்நூல் காட்டுகிறது. சோழர் காலத்தில் மரக்காணத்து உப்பளங்கள் அரசின் கணக்கில் இடம்பெற்றிருந்தன. அவ்வூர்ப் பூமீசுவரர் கோயிற் கல்வெட்டுகள் அந்நாளைய வரலாற்றுக்குச் சான்றாய் நிற்கின்றன.

மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக் கோட்டை, ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்கால நினைவுச் சின்னம். அங்கே நாணயச் சாலையும் ஏற்றுமதித் துறையும் இருந்தன. 1750-இல் அது முஸாஃபர் ஜங்கின் வழியே பிரெஞ்சுக்காரரான டூப்ளேயின் கைக்குச் சென்றது. 1760-இல் ஆங்கிலேயர் அதனைத் தகர்த்தனர். பின்னர் 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. 1877-78-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக விரிவுபடுத்தப்பட்ட பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணமே. அக்கால்வாய் வழியாக உப்பும் விறகும் படகுகளில் சென்னைக்குச் சென்றன. பல ஆறுகளின் கழிமுகங்களை ஊடறுத்துச் செல்லும் அக்கால்வாய், தனித்தனியே கிடந்த வடிநிலங்களைக் கடலோரத்தில் ஒரே நூலில் கோத்துவிட்டது. ஓர் ஆற்றின் அழுக்கு மற்றோர் ஆற்றின் முகத்துக்குச் செல்ல வழி பிறந்ததும் அதனால்தான்.

இக்கரையின் உப்பளத் தொழிலில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கழிமுகத்தின் களிமண் தரையிலேயே பாத்தி கட்டுவர். தரையை மிதித்து மிதித்து இறுக்குவர். உவர்நீர் மண்ணுக்குள் கசிந்துவிட்டால் உப்பு விளையாது, உழைப்பு வீணாகும். ஆகவே தொழிலாளியின் தன்னலமே நிலத்தடி நீருக்குக் காவலாய் அமைந்தது. உப்பளம் என்றாலே ஊற்று நீரைக் கெடுப்பது என்று கருதுவது முறையன்று. அது எந்த மண்ணில் அமைந்தது என்பதே கேள்வி. பிற்காலத்தில் இறால் குட்டைகள் கடற்கரை நெடுகிலும் வெட்டப்பட்டபோது இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. மணற்பாங்கான நிலத்திலும் வயற்புறத்திலும் உவர்நீர் தேக்கப்பட்டது. காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைநிலங்களையும் உப்பளங்களையும் ஈரநிலங்களையும் இறால் குட்டைகளாக மாற்றக் கூடாது என்று அத்தீர்ப்பு விதித்தது. பின்னர் 2005-இல் நிறைவேறிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தடைகளின் கடுமையைப் பெரிதும் குறைத்துவிட்டது.

தரைக்குக் கீழே

மரக்காணத்தின் மேற்கே திண்டிவனம் பக்கம் சார்னோக்கைட் என்னும் கருங்கடினப் பாறை. அதில் விரிசல்களில் மட்டுமே நீர் தங்கும். தென்மேற்கே வானூர் வட்டத்தில் நிலை வேறு. அங்கே மணற்கல், சுண்ணாம்புக்கல், களிக்கல் ஆகியவை அடுக்கடுக்காய்ப் படிந்து, கடலை நோக்கிச் சரிந்து செல்கின்றன. திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்களைக் கண்டவர்கள் அவ்வடுக்குகளுள் ஒன்றாகிய கடலூர் மணற்கல்லைக் கண்டவர்களே. அதன் கீழே வானூர் மணற்கல் முதலிய பழைய அடுக்குகள் உள்ளன. வானூர்ப் பக்கத்து மேட்டுநிலத்தில் பெய்யும் மழை அங்கே மணற்கல்லுக்குள் இறங்கிக் கடலோரம் நோக்கி நகர்கிறது. அந்நீரையே வானூர் உழவரும் ஆரோவில் வாசிகளும் கோட்டக்குப்பத்து மக்களும் புதுச்சேரி நகரத்தாரும் குழாய் இறக்கிப் பருகுகின்றனர். பெய்வது ஓர் ஆட்சியின் நிலத்தில். பருகுவது மற்றோர் ஆட்சியின் நகரத்தில்.

இவற்றுக்கெல்லாம் நடுவே பரந்து கிடப்பது கழுவேலி ஏரி. மழைக்காலத்தில் நன்னீராயும் கோடையில் உவராயும் மாறும் இயல்பினது. எடையந்திட்டு முகத்துவாரத்தின் வழியே மரக்காணத்தருகே கடலோடு தொடர்புடையது. 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பரப்புடன் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

கடலோரத்து இனிய நீர், கனத்த உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் இனிய நீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை இனிய நீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியாளர் கைபனும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது. இதனை மறுபுறம் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே ஓரடி குறைய இறைத்தால், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி ஏறி வரும். இறைப்பவன் காண்பது ஓரடி, இழப்பது நாற்பதடி. வானூர் மணற்கல்லின் கடலோரப் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கியிருப்பதை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகச் சுட்டி வந்துள்ளனர்.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை மேலிருந்தும் உப்பு இறங்கும் என்பதைக் காட்டிற்று. இக்கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் திறந்த கிணறுகள் உவராயின. கிணற்றைத் தூய்மை செய்யும் ஆர்வத்தில் இடைவிடாது இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலேறி நிலைமை மோசமாகும் என்று இலங்கையில் ஆய்வாளர்கள் எச்சரித்தனர். கெட்ட நீரை இறைத்து வெளியேற்றுவதே தூய்மை என்று பழகிய நமக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி. மழையின் வரவுக்காகப் பொறுத்திருப்பதும் ஒரு சிகிச்சையே.

உப்புக்கு உடன்படிக்கை உண்டு

இக்கரையில் இரண்டு ஆட்சிகள் அருகருகே இருந்ததால் விளைந்த வரலாறு ஒன்றுண்டு. புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடமும் சுற்றியுள்ள நிலம் ஆங்கிலேயரிடமும் இருந்தது. புதுச்சேரியின் எல்லை ஒரே கோடாக அமையாமல், ஊர்களுக்கு நடுவே ஊர்களாய்த் துண்டு துண்டாய்ச் சிதறிக் கிடந்தது. பிரெஞ்சு நிலத்தில் விளையும் உப்பு எல்லை கடந்து வந்தால் ஆங்கிலேயரின் உப்பு வருவாய் குன்றும். ஆகவே 1815 மார்ச் 7 அன்று இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளில் அங்கே உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டு, உப்பளக்காரர்களுக்கு ஈட்டுத் தொகை வழங்கவும் ஏற்பாடாயிற்று.

எல்லை கடக்கும் உப்பைக் கண்டுகொண்ட அரசுகள் எல்லை கடக்கும் நீரைக் கண்டுகொள்ளவில்லை. உப்பில் வரி இருந்தது. நிலத்தடி நீரில் அன்று வரி இல்லை. மேலும், ஆங்கிலேயச் சட்ட மரபு நிலத்தடி நீரை நிலத்துக்குரியவனின் உடைமையாகவே கொண்டது. 1859-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை சேஸ்மோர் வழக்கில் உறுதி செய்த அக்கொள்கை, 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது. தன் எல்லைக்குள், வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீர் முழுவதையும் ஒருவன் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டம் ஓட்டமே அன்று எனக் கொண்ட சட்டம் அது.

புதுச்சேரி 1954 நவம்பர் 1 முதல் இந்திய ஆட்சியின் கீழ் வந்தது. 1962-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. எல்லை அயல்நாட்டு எல்லையாய் இல்லாமற் போயிற்று. ஆனால் நீரைப் பொறுத்தவரை எல்லை நீங்கவில்லை. புதுச்சேரியில் 2002-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழகத்தில் 2003-இல் நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டு, 2013-இல் நீக்கப்பட்டது. ஒரே மணற்கல்லின் ஒரு முனையில் சட்டம், மறுமுனையில் வெற்றிடம். மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுநீர்த் தகராறுகளுக்கென 1956-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுண்டு. அதன் பார்வை ஆறுகள் மீதும் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் மீதுமே பதிந்துள்ளது. 2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கின் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் தமிழகத்தின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பங்கீட்டை மாற்றியமைத்தது. நிலத்தடி நீரும் பங்கீட்டுக் கணக்கில் வரும் என்பது அதனால் தெளிவாயிற்று. ஆயினும் அதைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பது இன்னும் தெளிவாகவில்லை.

ஃபிக்ஹு நூல்கள் வகுத்த எல்லை

இனி நம் முன்னோரின் நூல்களைப் பார்ப்போம். நீரையும் உப்பையும் ஒருசேரப் பேசும் நபிமொழி ஒன்று அபூதாவூதில் உள்ளது. எந்தப் பொருளைப் பிறருக்கு மறுப்பது ஆகாது என்று நபித்தோழர் ஒருவர் வினவ, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முதலில் நீரையும், அவர் மீண்டும் வினவியபோது உப்பையும் குறிப்பிட்டார்கள். மற்றொரு நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. யமன் நாட்டு மஃரிபைச் சேர்ந்த அப்யள் பின் ஹம்மால் (ரலி) தமக்கு அங்குள்ள உப்பு நிலத்தை வழங்குமாறு வேண்ட, நபியவர்கள் வழங்கினார்கள். அது வற்றாது ஊறும் நீரைப் போன்றது என்று அவையில் இருந்தவர் சுட்டிக்காட்டியதும் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வற்றாத நீரைக் குறிக்க அங்கே வரும் அரபுச் சொல் ‘அல்மாவுல் இத்து’ என்பது. எல்லாருக்கும் வெளிப்படையாய்க் கிடைக்கும் கனிப்பொருளை ஒருவருக்கு மட்டும் அரசு எழுதிக் கொடுத்தல் கூடாது என்னும் விதியை இதிலிருந்தே சட்டமேதைகள் வகுத்தனர். இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்களின் அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் இது விரிவாகப் பேசப்படுகிறது. உப்பின் சட்டத்துக்கு நீரே உவமையாய் நின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

பொதுவுடைமை என்று கூறி நிறுத்தினால் போதாது. பொதுப்பொருளைக் கெடுப்பவனைத் தடுக்கவும் வேண்டும். அதற்காக எழுந்ததே ‘ஹரீம்’ என்னும் காப்பெல்லை. கிணற்றைச் சுற்றி இத்தனை முழத்துக்குள் பிறர் தோண்டலாகாது என்பது அதன் கருத்து. ஹனஃபீ நூல்கள் கிணற்றுக்கு நாற்பது முழமும் ஊற்றுக்கு ஐந்நூறு முழமும் கூறும். ஷாஃபிஈ மத்ஹபு எண்ணை முதன்மைப்படுத்தவில்லை. நம் அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்), நிலத்தடிக் கால்வாய்களுக்குரிய கிணறுகளின் ஹரீமுக்கு விளைவையே அளவாக வைக்கிறார்கள். எவ்விடத்தில் தோண்டினால் அவற்றின் நீர் குறையுமோ, அல்லது அவை இடிந்துவிடும் என அஞ்சப்படுமோ, அவ்விடம்வரை ஹரீம். முழக்கோலை எடுப்பதற்கு முன் விளைவை மதிப்பிடு என்பதே இதன் உட்பொருள்.

கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்னும் வினாவை ஹனஃபீ மேதைகள் தூய்மைப் பாடத்தில் எடுத்துக்கொண்டனர். ஐந்து முழம் என்று ஓர் அறிவிப்பு, ஏழு முழம் என்று மற்றோர் அறிவிப்பு. ஷம்ஸுல் அயிம்மா ஹல்வானீ (ரஹ்) எண்ணை விடுத்து, சுவை, நிறம், மணம் ஆகியவற்றில் மாற்றம் தோன்றுகிறதா என்பதையே பார்க்கச் சொன்னார். 19-ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் வாழ்ந்த இப்னு ஆபிதீன் (ரஹ்) தம் ரத்துல் முஹ்தாரில் இவ்விரண்டையும் இணைத்து ஒரு முடிவு சொல்கிறார். நிலத்தின் நெகிழ்ச்சிக்கும் இறுக்கத்துக்கும் ஏற்பத் தொலைவு மாறும்; எண்ணைக் குறிப்பிட்டவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் நிலத்தைக் கருதியே குறிப்பிட்டனர் என்பது அது. திண்டிவனத்துக் கருங்கல்லுக்குப் பொருந்தும் ஏழு முழம் மரக்காணத்து மணலுக்குப் பொருந்தாது. இந்த ஒரு வரையறையில் இன்றைய நிலநீர் இயலின் அடிப்படை அடங்கியிருக்கிறது. இவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அல்கரஜீ என்னும் கணித மேதை மறைந்த நீரை வெளிக்கொணரும் கலையைப் பற்றித் தனி நூல் எழுதி, அதில் ஹரீமையும் ஆராய்ந்திருந்தார்.

ஆனால் நம் நூல்கள் அனைத்தும் ஒரே குரலில் பேசுகின்றன என்று சொல்வது நேர்மையாகாது. ஹரீம் என்பது தரிசு நிலத்தில் தோண்டிய கிணற்றுக்கு உரியது. சொந்த மனைகள் நெருங்கி அமைந்த ஊரில் ஒவ்வொருவரும் வழக்கத்துக்கு உட்பட்டுத் தம் உடைமையைப் பயன்படுத்தலாம், வழக்கத்தை மீறினால் ஈடு செய்ய வேண்டும் என்பது ஷாஃபிஈ நூல்களின் பொது நிலை. என் மனையில் தோண்டிய கிணற்றால் அடுத்தவர் கிணற்றில் நீர் குறைந்தால், அதற்கு நான் ஈடு செய்ய வேண்டியதில்லை. இது 1882-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெகு தொலைவில் இல்லை. கயிறும் வாளியும் கொண்டு இறைத்த காலத்தில் இவ்வுரிமை பெருந்தீங்கு எதையும் விளைத்திராது. நீர்மூழ்கி மோட்டார் இரவும் பகலும் இறைக்கும் காலத்தில் வழக்கம் என்பதன் பொருளே மாறிவிட்டது. அப்போது, தீங்கிழைத்தலும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்தலும் இல்லை என்னும் கருத்துடைய நபிமொழி அடிப்படையே முன்னிற்க வேண்டும். உஸ்மானியப் பேரரசு 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லா சட்டத்தொகுப்பு அவ்வழியில் சென்றது. கிணற்றருகே கழிவுக்குழியோ கழிவுக்காலோ அமைத்து நீரைக் கெடுத்தால் அக்கேடு அகற்றப்பட வேண்டும். அகற்ற வேறு வழியில்லையெனில் குழியே மூடப்பட வேண்டும் என்று அது விதித்தது.

இன்றைய முழக்கோல்கள்

நிலத்தின் இயல்புக்கேற்ப ஆபத்தை அளக்கும் முறைகளை இன்றைய அறிவியல் வகுத்துள்ளது. 1987-இல் அமெரிக்காவில் உருவான டிராஸ்டிக் முறை ஏழு கூறுகளைப் பார்க்கிறது. நீர்மட்டத்தின் ஆழம், மழைநீர் உட்புகும் அளவு, நீர்தாங்கும் பாறையின் தன்மை, மண்ணின் தன்மை, நிலச்சரிவு, இடைப்பட்ட உலர் அடுக்கின் தன்மை, பாறையினூடே நீர் செல்லும் வேகம் என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை முதன்மை மதிப்பு உண்டு. நீர்மட்ட ஆழமும் உலர் அடுக்கும் ஐந்து பெறுகின்றன. சரிவு ஒன்றே பெறுகிறது. மணலில் மேலாக ஊறும் கிணறு கெடும் வாய்ப்பு மிகுதி, களிமண்ணுக்கு அடியில் ஆழமாய் உள்ள நீர் கெடும் வாய்ப்பு குறைவு என்பது இதன் சாரம். இப்னு ஆபிதீன் கூறிய நெகிழ்ச்சியும் இறுக்கமும் இங்கே எண்களாய் நிற்கின்றன.

கடல்நீர் உட்புகும் ஆபத்தை அளக்கக் கோவா பல்கலைக்கழகத்தின் சச்சாடியும் போர்ச்சுக்கல் நாட்டு லோபோ ஃபெரெய்ராவும் 2001-இல் கால்டிட் என்னும் முறையை முன்வைத்தனர். கடல் மட்டத்துக்கு மேல் நீர்மட்டம் எவ்வளவு, கரையிலிருந்து தொலைவு எவ்வளவு என்னும் இரண்டுமே அதன் ஆறு கூறுகளில் தலையாயவை. கரையின் தொலைவை நாம் மாற்ற முடியாது. நீர்மட்டத்தை மாற்றுவது நம் கையில் உள்ளது. மனிதனின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அம்முறை இவ்வாறு பிரித்துக் காட்டிவிடுகிறது.

நம் அரசுகள் வெளியிடும் மதிப்பீட்டில் இரண்டு குறைகள் உள்ளன. ஆண்டுதோறும் ஊறும் நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்பதைக் கொண்டே ஒரு பகுதி பாதுகாப்பானது, ஓரளவு நெருக்கடியானது, நெருக்கடியானது, மிகையாய் உறிஞ்சப்பட்டது என வகுக்கப்படுகிறது. 70 விழுக்காடு வரை பாதுகாப்பானது. 100-ஐத் தாண்டினால் மிகையாய் உறிஞ்சப்பட்டது. உவர்ப் பகுதி என்று தனி வகை ஒன்று இருப்பினும், இது பெரும்பாலும் அளவின் கணக்கே. நீரின் தூய்மை குறித்த கணக்கன்று. இரண்டாவதாக, தமிழகத்தில் இக்கணக்கு குறுவட்ட எல்லையின்படி எடுக்கப்படுகிறது. வருவாய்த் துறை வகுத்த எல்லையை மணற்கல் அறியாது. வானூர்க் கணக்கு ஒரு கோப்பிலும் புதுச்சேரிக் கணக்கு மற்றொரு கோப்பிலும் இருக்க, நீர் மட்டும் இரண்டுக்கும் அடியில் ஒன்றாய் நகர்கிறது.

ஹல்வானீ அவர்களின் மூன்று அடையாளங்களும் இன்று போதமாட்டா. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேலும், குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேலும் இருத்தல் கூடாது என்பது 2012-ஆம் ஆண்டு இந்தியத் தர அளவு. அவ்வளவைத் தாண்டிய நீரும் நாவுக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் தூய நீராகவே தோன்றலாம். உப்பு நாவில் தெரிந்துவிடும். ஆதலின் அது எச்சரிக்கையோடு வரும் பகை. மலக்குழியிலிருந்தும் வயலின் உரத்திலிருந்தும் இறங்கும் நைட்ரேட் எச்சரிக்கையின்றி வரும் பகை.

பாலாறு தரும் பாடம்

மரக்காணத்துக்கு வடக்கே கடலில் கலக்கும் பாலாறு, கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களில் ஓடுவது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழில் அதன் கரைகளில் வளர்ந்தது. அத்தொழிலில் முஸ்லிம் வணிகர்களின் பங்கு பெரிது. அவர்களின் கொடையால் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்விக்கூடங்களும் எழுந்ததை நன்றியோடு நினைவுகூர வேண்டும். அதே ஊர்களில் கிணறு கெட்டுப்போன குடும்பங்களிலும் முஸ்லிம்கள் உள்ளனர் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாததாயிற்று என அத்தீர்ப்பு பதிவு செய்தது. திண்டுக்கல் பக்கத்தில் 13 ஊர்களில் ஆராயப்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்பதும் அதில் உண்டு. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், ஐயம் இருக்கும்போதே முன்னெச்சரிக்கை வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அது ஏற்றது. ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கிக் கண்காணிப்புக் குழுவை அமைக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்தும் நீர் தெளியவில்லை. ஆற்றில் விழுந்த அழுக்கை அடுத்த வெள்ளம் அடித்துச் செல்லும். நிலத்தடியில் இறங்கிய அழுக்கு ஒரு தலைமுறை தங்கும். கெட்டபின் வழக்காடுவதைவிடக் கெடுமுன் மதிப்பிடுவது ஏன் மேல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பகிர்ந்து காத்தவர்கள்

பகிர்ந்த நிலத்தடி நீரைச் சேர்ந்து காத்தவர்கள் உலகில் உள்ளனர். ஜெனீவாவும் அதனை அடுத்த பிரெஞ்சு மாவட்டமும் தமக்குக் கீழுள்ள நீர்தாங்கிக்காக 1978-இல் உடன்பாடு செய்து, 2007-இல் புதுப்பித்தன. ஆற்றுநீரைத் தூய்மை செய்து நிலத்துக்குள் செலுத்தும் செலவையும் பகிர்ந்துகொண்டன. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2008 டிசம்பரில் எல்லை கடந்த நீர்தாங்கிகள் பற்றிய சட்ட வரைவை அரசுகளின் கவனத்துக்கு வைத்தது.

நமக்கு மிகவும் நெருக்கமான முன்மாதிரி ஜோர்தானும் சவூதி அரேபியாவும் அத்திஸீ நீர்தாங்கிக்காக 2015-இல் செய்த உடன்பாடு. எல்லையின் இருபுறமும் ஒரு பகுதியைக் காப்புப் பகுதியாக வகுத்து, அங்கே நீர் இறைப்பதை ஐந்தாண்டுகளில் நிறுத்துவது என்றும், அடுத்த பகுதியில் குடிநீருக்கு மட்டுமே இறைப்பது என்றும், அழுக்கைச் செலுத்தலாகாது என்றும் இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. சொல் எதுவாயினும் கருத்தளவில் அது ஹரீமே. கிணற்றைச் சுற்றி இருந்த எல்லை, ஒரு முழு நீர்தாங்கியைச் சுற்றி விரிந்திருக்கிறது.

வானூர் மணற்கல்லுக்கும் கழுவேலிக்கும் அத்தகைய ஓர் எல்லை வகுக்க அயல்நாட்டு உடன்படிக்கை வேண்டுவதில்லை. தமிழகமும் புதுச்சேரியும் ஒரே கணக்கேட்டில் எழுதச் சம்மதித்தால் போதும். மழை உட்புகும் வானூர் மேட்டில் கழிவு இறங்காதபடியும், கடலோரத்தில் நீர்மட்டம் கடலுக்குக் கீழே போகாதபடியும் காப்பதே முதற்பணி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டிற்று. அத்தகைய வரவு ஏரிகளில் தங்கினால் இனிய நீருக்கு வலுவாகும். தங்கும் இடமின்றி ஓடினால் வெள்ளச் சேதம் மட்டுமே எஞ்சும்.

அரசுகள் செய்யும்வரை காத்திராமல் ஊர் ஜமாஅத்துகள் செய்யத்தக்கவையும் உண்டு. கோட்டக்குப்பம் போன்று முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் எல்லையூர்களில் மனைகள் நெருக்கமானவை. ஒரு வீட்டின் மலக்குழிக்கும் அடுத்த வீட்டின் குழாய்க்கிணற்றுக்கும் இடைவெளி சில அடிகளே. பள்ளிவாசல் கிணறு உட்படச் சில கிணறுகளைத் தேர்ந்து, மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் நைட்ரேட்டையும் சோதித்து ஓர் ஏட்டில் பதிந்து வரலாம். பத்தாண்டுப் பதிவு ஒன்று இருந்தால் ஊரின் ஹரீம் எங்கே என்பது தானே விளங்கும். புதிய வீடு கட்டுவோருக்கு மலக்குழி எங்கே அமைய வேண்டும் என்று ஜமாஅத் அறிவுரை கூறலாம். மதரஸாக்களில் ஹரீம் பாடம் நடத்தும்போது நாற்பது முழம் என்று மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், மாணவனைத் தன் ஊர் மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். எண்ணைச் சொன்ன ஒவ்வொருவரும் தம் நிலத்தைக் கருதியே சொன்னார் என்னும் இப்னு ஆபிதீன் அவர்களின் கூற்று அப்போது உயிர்பெறும்.

அல்முல்க் அத்தியாயம் ஒரு வினாவோடு நிறைவுறுகிறது. உங்கள் நீர் நிலத்தினுள் ஆழ்ந்து போய்விட்டால் ஊறும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவர் யார் என்பது அதன் கருத்து. இரவுதோறும் நம்மில் பலர் ஓதும் அத்தியாயம் அது. நீரைக் கொடுப்பவன் இறைவன் என்பதில் நமக்கு ஐயமில்லை. அவன் கொடுத்த நீருக்கும் கடலின் உப்புக்கும் நடுவே அவன் வைத்த மண் திரையைக் கிழிக்காமல் வைத்திருப்பது நம் பொறுப்பு. அது குறித்து மரக்காணக் கரையில் வாழ்வோரிடம் மட்டுமின்றி, அக்கரையின் நீரைத் தொலைவிலிருந்து பருகுவோரிடமும் கேட்கப்படும்.